இறக்கையில் விட்ட தொய்வு

இடது இறக்கையை லாரியில் ஏற்றியாகிவிட்டது. பழைய மெத்தைகளுக்கு நடுவே, கயிறு கட்டி, அது பத்திரமாகப் படுத்திருந்தது. வலது இறக்கையைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள். அப்போதுதான் என் அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமா கையில் கத்தரிக்கோலோடு லாரிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இத்த ஏத்தாதே வசந்தா. மொதல்ல வெட்டு" என்றார்.

மாமா என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. இதுவும் அந்த வகைதான் என்று நினைத்தேன்.

"இன்னா மாமா, தெறப்பு விழாவா? ரிப்பன் எங்க?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லாரி ஓட்டுநரும் சிரித்தார்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. காலை வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்திலிருந்து படகில் வந்ததில் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. கத்தரிக்கோலை என் கையில் திணித்தார்.

"நுனிப் பக்கம் ஏழு விலா. அத்த வெட்டிப் பாரு. அப்பால ஏத்தறதா வாணாமான்னு நீயே சொல்லு."

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைப் பிரிக்கிறீர்கள் என்றால், நான் யார், எனக்கு எதற்கு இறக்கை என்று கேட்பீர்கள். நியாயம்தான்.

நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, சென்னையில் விமானங்களைப் பழுது பார்க்கும் ஒரு கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆயுசில் பாதிக்கு மேல் அங்கேதான் போயிற்று. யார் யாரோ பறக்கும் விமானங்களுக்குத் திருகாணி முடுக்கி, கையெழுத்துப் போட்டு, கட்டைவிரலைக் காட்டி வழியனுப்பினேன். ஓட்டுகிறவரின் இருக்கையில் உட்கார்ந்து துடைத்திருக்கிறேனே தவிர, ஓட்டியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஊரார் எதிர்பார்த்தது நான் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவேன் என்று. நானோ ஒரு பறக்கும் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து உரிமம் வாங்கினேன். அப்புறம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் சின்ன விமானம் ஒன்றை வரவழைத்தேன். இரண்டு பேர் உட்காரலாம். குழாயும் துணியும்தான் உடம்பு. பாகங்கள் வரும், படங்கள் வரும், கட்டுவது நம் பாடு. பழவேற்காட்டில் மூடிக் கிடந்த ஒரு ஐஸ் கிடங்கை வாடகைக்கு எடுத்து அதில்தான் கட்டினேன்.

"இங்கே கட்டி இங்கேயே பறக்க முடியாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிறார்கள். ராக்கெட் போகிற நாளில் எங்கள் படகுகளே கடலுக்குப் போகக்கூடாது. அந்த வானத்தில் என் துணி விமானத்தை யார் விடுவார்கள்? அதனால் இங்கே கட்டி, பிரித்து, லாரியில் ஏற்றி, கர்நாடகத்தில் இருக்கும் ஒரு தனியார் ஓடுதளத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பூட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் தடுக்கவில்லை. அவர் தடுத்த ஒரே விஷயம் இஸ்திரிப் பெட்டி. இறக்கைக்குப் போர்த்தும் துணியைச் சூடு காட்டித்தான் சுருக்கி இழுக்க வேண்டும். அதற்கு அவருடைய சட்டைக்கான பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வருடம் முழுக்க மனிதர் கசங்கிய சட்டையோடுதான் கல்யாணங்களுக்குப் போனார். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் தனி அத்தியாயம்.

அந்த முடிச்சு

இப்போது தையலுக்கு வருகிறேன். கதையே அதில்தான் இருக்கிறது.

இறக்கைக்குள் வரிசையாக விலா எலும்புகள் இருக்கும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி. பசை போட்டு ஓரங்களை ஒட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு விலாவோடும் துணியைச் சேர்த்துத் தைக்க வேண்டும். நீளமான ஊசியில் மெழுகு நூலைக் கோத்து, மேலே குத்தி, கீழே எடுத்து, விலாவைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். அரை சாண் தூரத்துக்கு ஒரு முடிச்சு. அதன்மேல் நாடாத் துணி ஒட்டி, வண்ணம் பூசிவிட்டால் தையலே கண்ணுக்குத் தெரியாது.

அந்த முடிச்சு எனக்கு வரவே இல்லை. புத்தகத்தில் படம் போட்டிருந்தது. நான்கு நாள் பார்த்துப் பார்த்துப் போட்டேன். இழுத்தால் அவிழ்ந்துகொண்டது. அவிழாத முடிச்சு இறுகவில்லை. கோபம் வந்து ஊசியைத் தூக்கி எறிந்தேன். அது ஐஸ் கிடங்கின் மரக்கதவில் குத்தி நின்றது. அதே நேரத்தில் அக்கா கொடுத்தனுப்பிய நண்டுக் குழம்போடு மாமா உள்ளே வந்தார்.

"இன்னாமே, ஆளக் கொல்றதுக்குப் பழகறியா?" என்றவர் படத்தைப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு பெருமிதத்தை நான் எந்த அதிகாரியிடமும் பார்த்ததில்லை.

"அட, இது நம்ம வல முடிச்சு. ஒரு சுத்து ஜாஸ்தி, அவ்ளோதான். இதுக்கா நாலு நாளு மெனக்கெட்டே?"

வாங்கிப் போட்டார். ஒரே இழுப்பு. நூல் அறுந்தாலும் முடிச்சு அசையாது.

அன்றிலிருந்து தையல் முழுக்க மாமாவின் பொறுப்பு. ஏரியிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில் படகேறி வருவார். மேலிருந்து அவர் குத்துவார், கீழே படுத்துக்கொண்டு நான் வாங்குவேன். இடது இறக்கை முழுவதையும் அப்படித்தான் தைத்தோம். நல்ல தையல். பார்வையிட வந்த பொறியாளர் ஒவ்வொரு விலாவாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்று கேட்டார். சட்டையில்லாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்த மாமா அவசரமாக அணைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

வலது இறக்கையின் நுனிப் பகுதியைத் தைக்கும்போது நான் இல்லை. உரிமத்தைப் புதுப்பிக்க, உடல் பரிசோதனைக்காகச் சென்னை போயிருந்தேன். ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்று மூன்று நாள் அலைக்கழித்தார்கள். திரும்பி வந்தபோது ஏழு விலாவும் முடிந்திருந்தது. மாமாவே தன் அண்ணன் மகனைக் கீழே படுக்க வைத்து முடித்திருந்தார். பார்த்தேன். வரிசை வரிசையாக, இடது பக்கம் போலவே இருந்தது. பரிசோதனையில் தேறிய சந்தோஷம் வேறு.

கை வைத்து இழுத்துப் பார்க்காமல் நாடாவை ஒட்டினேன். வண்ணம் பூசினேன். தையல் சரி என்று ஏட்டில் கையெழுத்துப் போட்டேன். அத்தனை வருட அனுபவக்காரி ஆயிற்றே என்று பொறியாளர் என் கையெழுத்தை நம்பினார். நான் மாமாவின் கையை நம்பினேன். பழைய கூடத்தில் என்னிடம் வேலை பார்த்த பையன்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பேன்.

ஒரு துண்டுக் காகிதம்

லாரி வருவதற்கு முந்தைய நாள் மாலை, வழியனுப்புவதற்காக அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். கிடங்கு வாசலில் உட்கார்ந்து டீ குடித்தோம். அக்கா இறக்கையைத் தட்டிப் பார்த்தாள். மத்தளம் மாதிரி சத்தம் வந்தது.

"ஏம்மே, வெறுந்துணி. ஒன்னையும் இஞ்சினையும் காத்து எப்பிடித் தூக்கும்?" என்று கேட்டாள். கன்னியம்மா அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் என்னை யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

தினசரித் தாளிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்தேன். ஒரு முனையை உதட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். மறுமுனை தொங்கியது. காகிதத்தின் மேல்பக்கமாக ஊதினேன். தொங்கிய முனை மேலே எழும்பி நின்றது.

"பாத்தியாக்கா? நான் மேலதான் ஊதினேன். கீழ ஒண்ணும் தள்ளல. கீழேர்ந்து தள்றது கொஞ்சம்தான். மேலேர்ந்து உறிஞ்சறதுதான் ஜாஸ்தி. பறக்கும்போது இந்த மேல் துணி எலும்ப வுட்டுப் பிச்சிக்கினு மேல போகப் பாக்கும். அத்தப் போக வுடாம புடிச்சி வெச்சிக்கினு கீறது மாமாவோட தையல்தான்."

மாமாவைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னேன். அவர் பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தார்.

"மேலயா இழுக்கும்?" என்றார்.

"ஆமா மாமா."

காற்று மாறுகிறது, இருட்டுவதற்குள் அக்கரை போக வேண்டும் என்று எழுந்துவிட்டார். அக்கா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள். எனக்கு மறுநாள் லாரி நினைப்பு. கவனிக்கவில்லை.

ஊசி போன இடம்

ஆகவே மறுநாள் காலை, கத்தரிக்கோல், லாரி, வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

நுனியிலிருந்து மூன்றாவது விலாவின் நாடாவைக் கீறி உரித்தேன். வண்ணம் சுருள் சுருளாக வந்தது. உள்ளே தையல் தெரிந்தது. நூலுக்கடியில் ஊசி முனையை வைத்தேன். இடது இறக்கையில் அந்த இடத்தில் ஊசி முனை நுழையக்கூட நுழையாது. இங்கே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஊசியைத் தூக்கினால் நூல் எழும்பியது. ஒரு நெல் அளவு தொய்வு. அடுத்த முடிச்சிலும் அதே நெல் அளவு. அடுத்த விலாவிலும். தவறிப்போய் விட்டது அல்ல அது. அளந்து விட்டிருந்தார்.

அந்தத் தொய்வோடு பறந்திருந்தால், வேகம் கூடக்கூடத் துணி எலும்பை விட்டு எழும்பும். எழும்பி எழும்பி நூல் தேயும். ஒரு முடிச்சு போனால் பாரம் அடுத்ததில் விழும். அப்புறம் வலது இறக்கையின் நுனி தூக்குவதை நிறுத்திவிடும். விமானம் அந்தப் பக்கமே கவிழும். திருப்பி நிமிர்த்த எனக்கு எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். அது என் பிறவிக் குணம்.

"என்னக் கொல்லப் பாத்தியா மாமா?" என்று கத்தினேன். அத்தனை பேர் முன்னாலும். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அச்சில் வரக்கூடாதவை.

மாமா அத்தனையையும் வாங்கிக்கொண்டார். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு தடவைகூடத் தன் மேல் தப்பு என்று ஒப்புக்கொள்ளாத மனிதர் அவர். அக்காதான் குறுக்கே வந்தாள்.

"நேத்து சாயங்காலத்திலேர்ந்து ஒரு வாய் சோறு துன்னல இந்த ஆளு. அவரு சொல்றத்தயும் கேளு."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஓடற தண்ணில வலய வெறப்பா கட்டுனா கிழிஞ்சிடும் வசந்தா. தொய்வு வுட்டுக் கட்டுனாத்தான் ஓட்டத்துக்கு வளஞ்சி குடுக்கும். காத்தும் அப்பிடித்தான்னு நெனச்சேன். கீழேர்ந்து வந்து மோதும்னு நெனச்சேன். நீ அம்மாம் ஒசரத்துல இருக்க சொல்லோ துணி கிழிஞ்சிதுன்னா இன்னா பண்ணுவே? அதான், நுனில மட்டும் ஒரு நெல்லு எடம் வுட்டேன். ஒங்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவே. அதனால நீ ஊர்ல இல்லாதப்போ தெச்சேன்."

நான் கிழிந்த துணியோடு விழக்கூடாது என்பதற்காக அந்த மனிதர் முடிச்சுக்கு முடிச்சு நெல் அளவு இடம் விட்டுத் தைத்திருக்கிறார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். லாரி ஓட்டுநர் என்ன செய்வதென்று தெரியாமல் இடது இறக்கையை அவிழ்த்து இறக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர்.

மாமாவின் பாடு

நுனிப் பகுதித் துணியை வெட்டி எடுத்துப் புதிதாகப் போர்த்தினேன். மறுபடி பசை, மறுபடி இஸ்திரிப் பெட்டி. ஓடுதளத்துக்காரர் வேறு நாள் தர ஒப்புக்கொண்டார்.

தையலுக்கு மாமா வரமாட்டார் என்று நினைத்தேன். நான் போட்ட கூச்சலுக்கு வேறு யாராக இருந்தாலும் ஏரியைத் தாண்டி வந்திருக்க மாட்டார்கள். அவர் காலையிலேயே வந்து நின்றார். காலையில்.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. நல்ல இறால் படும் இடங்களுக்கு முறை உண்டு. சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் பாட்டை விட்டவர் மறுசுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த வாரம் மாமாவின் பாடு. அதைப் பங்காளி ஒருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். இதை அவர் சொல்லவில்லை. மாதங்கள் கழித்து அக்கா வாய்தவறிச் சொன்னாள்.

"இந்த வாட்டி ஒரு கண்டிசன்" என்றார் மாமா. "நான் ஒண்ணு போட்டா நீ ஒண்ணு இழுத்துப் பாக்கணும். சரின்னு வாயால சொல்லணும். சொன்னாத்தான் அடுத்தது."

அப்படியே செய்தோம். அவர் முடிச்சுப் போடுவார். நான் ஊசி முனையை வைத்துப் பார்ப்பேன், இழுத்துப் பார்ப்பேன். "சரி மாமா" என்பேன். சில சமயம் நான் சும்மா சொல்வதாகச் சந்தேகம் வந்தால் விடமாட்டார்.

"இன்னும் இழுமே. சோறு துன்றியா இல்லியா?"

ஏழு விலாவுக்கும் இப்படி. கிடங்கின் தகரக் கூரை சுட்டது. பசை நாற்றத்தில் தலை வலித்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக நல்ல வேலை நாட்கள் அவை. அன்றைக்கு அது தெரியவில்லை. முதுகு வலி மட்டும்தான் தெரிந்தது.

பொறியாளரை வரவழைத்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி, ஒவ்வொரு முடிச்சையும் காட்டினேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏழு நிமிடம்

கர்நாடகத்து ஓடுதளத்தில் காலை வேளை. காற்று அசையவில்லை. அக்காவும் மாமாவும் லாரியிலேயே வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் கசங்கிய சட்டையில் நின்றுகொண்டிருந்தார். அக்கா என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, எஞ்சினுக்கும் கொஞ்சம் வைத்தாள்.

முதல் பறப்பு தனியாகத்தான். வேகத்தைக் கூட்டினேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே சக்கரத்தின் கடகடப்பு நின்றுவிட்டது. சத்தம் இருந்தது, அதிர்வு இல்லை. கீழே பார்த்தால் கேழ்வரகு வயல்.

எல்லோரும் என்னிடம் கேட்பது மேலிருந்து என்ன பார்த்தாய் என்று. வலது இறக்கையைப் பார்த்தேன். அதைத்தான் பார்த்தேன். வேகம் காட்டும் முள்ளைப் பார்ப்பேன், ஓடுதளத்தைப் பார்ப்பேன், உடனே கண் வலது நுனிக்குப் போய்விடும். ஏழு விலாவும் வரிசையாகத் தெரிந்தன. துணி அசையவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அசையவில்லை. வலப்பக்கம் திரும்பினேன், இடப்பக்கம் திரும்பினேன். அசையவில்லை. "சரி மாமா" என்று வாய்விட்டுச் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

மேலே இருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. மூன்று பூச்சு வண்ணத்துக்கு அடியில் இருந்த தையல் அது. மாமா அந்தக் காலையில் வராமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஏட்டில் இருப்பது என் கையெழுத்து. நான் விழுந்திருந்தால், இந்த வயதில் ஒரு பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரே என்னைத்தான் சொல்லியிருக்கும். மாமாவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பத்திரமான இடத்தை விட்டுவிட்டுத்தான் அவர் படகேறி வந்து, தெருவே பார்க்க, என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

ஏழு நிமிடத்தில் இறங்கிவிட்டேன். கொஞ்சம் துள்ளித்தான் இறங்கினேன். எஞ்சினை நிறுத்தியதும் அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மாமா என்னிடம் வரவில்லை. நேராக வலது இறக்கைக்குப் போய் நுனியிலிருந்து ஒவ்வொரு விலாவாகக் கையால் தடவிக்கொண்டே வந்தார். ஏழும் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"மேல போனப்போ பயந்தியாமே?"

"ரொம்ப பயந்தேன் மாமா."

"அன்னிக்கு கத்திரிக்கோல எடுத்துக்கினு படகுல வந்தேன் பாரு" என்றார் மாமா. "அப்போ நான் பயந்தத வுடவா ஜாஸ்தி?"

இல்லை என்று தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை.